அடைத்துக்கொள்ளாத இயந்திரம்

அறிவியல் புனைகதை எழுத முன்வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது என்று எங்கள் பகுதி நூலகத்தின் வாசகர் வட்டத்தில் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டம். பன்னிரண்டு நாற்காலிகள், ஏழு பேர். நான் எழுந்து நின்று, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, "முதலில் பட்டியல் போடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டேன். அதை அடக்கம் என்று எண்ணிச் சிலர் கைதட்டினார்கள். உண்மையில் எனக்குக் களைப்பாக இருந்தது. அந்த ஒரு வாக்கியம் பாதி உண்மை என்பதும், மறுபாதியைச் சொல்வதற்கு நேரமும் மூச்சும் போதாது என்பதும் அப்போதே எனக்குத் தெரியும். மறுபாதியை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தட்டச்சு மட்டும் முறையாகக் கற்றேன். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறத்தில், கப்பல் சரக்கு முகவர் ஒருவரின் அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். ஒரு கப்பல் துறைமுகத்தைவிட்டுப் புறப்படும் முன் அதில் ஏறியிருக்கும் ஒவ்வொரு பெட்டியும் மூட்டையும் பீப்பாயும் ஒரு தாளில் வந்துவிட வேண்டும். அந்தத் தாளைத் தயாரிப்பதுதான் என் வேலை. விஞ்ஞானத்தை நடைபாதையில் வாங்கிய பழைய கல்லூரிப் புத்தகங்களிலிருந்து தெரிந்துகொண்டேன். யாரோ தேர்வுக்காக அடிக்கோடிட்டு வைத்த வரிகளையே நானும் முக்கியமானவை என்று நம்பினேன்.

கதை எழுதத் தொடங்கியபோது எனக்குத் தெரிந்த முறை பட்டியல் போடுவது ஒன்றுதான். நாலாயிரம் பேர் ஒரு பெருங்கலத்தில் ஏறி இருநூறு ஆண்டுகள் பயணம் செய்து வேறொரு சூரியனை அடைகிறார்கள் என்று ஒரு நாவலை மனத்தில் வைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்துக்கு முன்பாகச் சரக்குப் பட்டியலை எழுதினேன். விதைநெல், தையல் ஊசி, மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள், பிரசவ அறைக்கான வெந்நீர்ப் பாத்திரங்கள், பல் வைத்தியரின் நாற்காலி, ஆர்மோனியம் இரண்டு, குழந்தைகளின் முதல் செருப்புக்கான அளவு அச்சுகள். ஒரு நீண்ட நோட்டுப் புத்தகம் நிறைந்தது. பட்டியல் முடிந்தபோது கலம் எனக்குக் கண்ணால் கண்டதுபோல ஆகிவிட்டிருந்தது. அந்த அளவில் என் அறிவுரை சரியானதே. எந்திரத்தின் பெயரை வாயில் நுழையாதபடி வைப்பதால் எதிர்காலம் வந்துவிடாது. அந்த எதிர்காலத்தில் ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊசி எங்கே இருக்கிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாவலின் பெரும்பகுதியை ரயிலில்தான் எழுதினேன். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் நேரம் எனக்கு ஒரு பக்கத்துக்குச் சரியாக இருந்தது. உட்கார இடம் கிடைத்தால்தான் அந்தப் பக்கம். செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி தாம்பரத்தை அடையும்போது வாசற்படி வரை ஆள் நிற்கும். என்றாலும் பதினோரு ஆண்டுகள் எனக்கு இடம் கிடைத்தது. கூடுவாஞ்சேரியில் ஏறும் ஒருவர், தமக்கு எதிரே உள்ள ஜன்னல் இருக்கையில் நீலக் கட்டம் போட்ட தம் கைக்குட்டையை எனக்காகப் போட்டு வைப்பார்.

நட்பு எப்படித் தொடங்கியது என்பது நினைவில் இல்லை. ஒரு நாள் என் நோட்டை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டிருப்பார். என்னைவிட இரண்டு வயது இளையவர், கனத்த தோள்கள், வெளுத்துத் தேய்த்த சட்டை. சைதாப்பேட்டையில் இறங்குவார். பம்பிங் ஸ்டேஷனில் மோட்டார் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். கைக்குட்டைக்காக அவர் கேட்ட வசவுகள் ஏராளம்.

"இன்னாபா, கர்சீப்புக்கு சீசன் டிக்கெட் எடுத்துக்கீறியா?" என்பார் நின்றுகொண்டிருக்கும் ஒருவர்.

"எங்க சாரு கப்பல் வுடுறாரு அண்ணா. நின்னுகினு வுட்டா கவுந்துடும்" என்பார் இவர்.

நான் ஏறி அமர்ந்ததும் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எங்க சார் போய் நிக்குது?" என்று கேட்பார். முந்தைய நாள் எழுதியதை நான் சொல்ல வேண்டும். கதைப் புத்தகம் எதையும் அவர் படித்தவரல்லர். ஆனால் அவர் கேட்ட கேள்விகளை எந்த வாத்தியாரும் என்னிடம் கேட்டதில்லை. காற்று எங்கிருந்து வருகிறது என்றார். மின்சாரம் நின்றுபோனால் யாருக்கு முதலில் தெரியும் என்றார். "நாலாயிரம் பேருதான்னா ரெண்டு தலமொறையில எல்லாரும் சொந்தமாயிடுவாங்களே சார், பொண்ணு எங்க போய் எடுப்பாங்க?" என்று ஒருமுறை கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. ஒவ்வொரு கேள்வியும் பட்டியலில் ஒரு பக்கத்தைக் கூட்டியது.

பணி ஓய்வுக்குப் பிறகு நாவல் மெதுவாகத்தான் நகர்ந்தது. வீட்டில் எனக்கு எழுத வரவில்லை. மேசை ஆடாததே ஒரு குறையாக இருந்தது. எப்படியோ முடித்தேன். இறுதி அத்தியாயத்தை எழுதிய அன்று பக்கத்து வீட்டுக்குக் கழிவுநீர்த் தொட்டி இறைக்கும் லாரி வந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் தெருவுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. மழை பெய்தால் தொட்டிகள் நிறைந்துவிடும். குழாயை இழுத்துப் போட்டு மோட்டாரை ஓடவிட்டார்கள். நாற்றம் தாங்கவில்லை. நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, பெருங்கலம் புதிய சூரியனின் வெளிச்சத்துக்குள் நுழையும் பக்கத்தை எழுதினேன்.

ஒரு சிறிய பதிப்பகம் அதை ஏற்றுக்கொண்டது. அதை நடத்தும் பெண்மணிக்கு என் மகள் வயது இருக்கும். புத்தகக் கண்காட்சிக்குள் கொண்டுவந்துவிடலாம் என்றார். பிழை திருத்துவதற்கான அச்சுப் படி வந்தபோது அதோடு ஒரு குறிப்பும் வந்தது. முதல் அத்தியாயத்தில், கலத்தின் உணவுக்கூடத்தில் மக்கள் நண்பர்களுக்காக நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன்.

"ஐயா, அவ்வளவு தூரம் போன பிறகும் கர்சீப் போட்டா இடம் பிடிப்பாங்க? படிக்கிறவங்க சிரிச்சிடுவாங்க. எடுத்துடலாமா?" என்று தொலைபேசியிலும் கேட்டார்.

நான் அதை எழுதியதையே அறியாமல் எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது. எடுத்துவிடுங்கள் என்றேன். என் மனைவி, முப்பது ஆண்டுகள் மிஷன் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவள், படியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதோட முடிஞ்சுதா? இனிமே சாயங்காலம் என்கூட நடக்க வருவீங்களா?" என்று கேட்டாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப ஒரு வாரம் இருந்தது. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் படியை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கூடுவாஞ்சேரிக்குப் போனேன். நண்பரும் ஓய்வு பெற்றுவிட்டிருந்தார். மனைப்பிரிவு ஒன்றின் கடைசி வரிசையில் மகள் வீட்டில் இருந்தார். முழங்கால் வலியால் ரயில் ஏறுவதை நிறுத்தியிருந்தார். கேட்டுக்கு உட்புறம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, ஒன்றில் தாம் அமர்ந்து, மற்றொன்றில் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தார். இருவரும் சிரித்தோம்.

சரக்குப் பட்டியலை வைத்து எழுதிய அத்தியாயத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். தம் கேள்விகளால் வந்த இடங்கள் ஒவ்வொன்றிலும் தலையசைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? புக்கு முடிஞ்சி போச்சே, கேக்கக்கூடாது."

"கேளுங்கள்."

"நாலாயிரம் பேரு. எரநூறு வருசம். துண்றதெல்லாம் எழுதிட்டீங்க. காலைல எழுந்தா அதெல்லாம் எங்க சார் போவுது?"

அதற்கு ஓர் இயந்திரம் இருக்கிறது என்றேன். கழிவைப் பிரித்துத் தண்ணீராகவும் உரமாகவும் மாற்றிவிடும். நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. எடுத்துக் காட்டினேன்.

"மிஷினு அடைச்சிக்குமே சார்."

"இது அடைத்துக்கொள்ளாத இயந்திரம்."

"முப்பது வருசத்துல அடைச்சிக்காத மிஷினு நா ஒண்ணுகூட பாத்ததில்ல. துணி போட்டுடுவாங்க, முடி போட்டுடுவாங்க, புள்ளைங்க பொம்மைய போட்டுடும். அடைச்சிக்கினா யாரு சார் எறங்குறது?"

அப்போதுதான் அவர் பார்த்த மோட்டார் கழிவுநீருக்கானது என்று எனக்குத் தெரிந்தது. பம்பிங் ஸ்டேஷன் என்றதும் குடிநீர் என்று நானே முடிவு செய்துகொண்டு பதினோரு ஆண்டுகள் எதிரே அமர்ந்து வந்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகு அந்தக் கேள்வி எவ்வளவு தவறானது என்று உணர்ந்தேன்.

"மோட்டாரு பாக்குறேன்னு சொன்னேன். அதுக்கு மேல நீங்க கேக்கல, நானும் சொல்லல. எதிர்ல ஒக்காந்துகினு வர்றவரு" என்றார். கோபம் எதுவும் இல்லை. ரயில் தாமதத்தைப் பற்றிப் பேசுவது போன்ற குரல்தான்.

"அப்படியானால் இந்தக் கேள்வியை ஏன் முன்பே கேட்கவில்லை?"

"நீங்க எழுதுவீங்கனு பாத்துக்கினே இருந்தேன். எழுதல. சரி, அந்தக் கப்பல்ல அந்த வேலயே இல்ல போலனு நெனச்சிக்கினேன். நல்லாதான் சார் இருந்துச்சி, அப்டி நெனச்சிக்கிறது. எங்கூட இருந்தவன் ஒருத்தன் அடைப்பு எடுக்க எறங்கினான். ஏறல. அவன் அந்தக் கப்பல்ல பொறந்திருந்தா இன்னா பண்ணிகினு இருப்பான்னு சைதாப்பேட்ட வர்ற வரைக்கும் யோசிப்பேன்."

அவருடைய மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தார். இருவரும் அதைக் குடித்தோம்.

துறைமுக எழுத்தரின் தவறு அது. கப்பலில் ஏறுகிறவற்றை மட்டுமே நாங்கள் எழுதுவோம். கப்பல் எதைக் கழிக்கிறது, அதை யார் அள்ளுகிறார்கள் என்பதற்கு எங்கள் தாளில் கட்டமே கிடையாது. முப்பத்துநான்கு ஆண்டுகள் அந்தத் தாளைப் பார்த்துப் பழகிய கண், கதைக்கும் அதே தாளை எடுத்துப் போட்டிருக்கிறது. சாதி இல்லாத, எல்லாரும் சமமான ஒரு மனிதக் கூட்டத்தைப் படைத்துவிட்டதாகப் பின்னட்டையில் அச்சிடப் போகிறார்கள். ஒரே ஒரு வேலையை நாற்பதாம் பக்கத்து வரி ஒன்றில் மூடி வைத்துத்தான் அந்தச் சமத்துவத்தை நான் உண்டாக்கியிருந்தேன்.

"அப்படியானால் இறங்குகிற ஓர் ஆளை எழுதிவிடுகிறேன்" என்றேன். அதுவே நேர்மை என்று அப்போது தோன்றியது.

"ஐயோ, வேணாம் சார்" என்று பதறினார். "அங்கயும் போய் எறக்கி வுடாதீங்க. யாரும் எறங்க வேணாத மாதிரி எழுதுங்க. எப்டினு நா சொல்றேன்." என் பேனாவை வாங்கி அச்சுப் படியின் பின்புறத்தில் கோடு போடத் தொடங்கினார். "கொழாய்க்கு ரெண்டு வழி வைங்க. ஒண்ணு அடைச்சிக்கினா இன்னொண்ணுல ஓடட்டும். அடைச்சிக்கின மோட்டார சங்கிலி போட்டு மேல இழுத்து, வெளிச்சத்துல வெச்சி, காத்தாட நின்னுகினு கழுவணும். ஆளு உள்ள போவக்கூடாது. அவ்ளோதான் விசயம்."

"அந்த இயந்திரம் சுழலும் கலத்தின் நடு அச்சில் இருக்கிறது. அங்கே எடை கிடையாது. மேல், கீழ் என்பதே இல்லை."

"அப்போ வெளிய இழுங்க."

"வெளியே வெட்டவெளி. ஆள் செத்துப்போவார்."

"சாவாத மாதிரி ஒரு ரூம்பு கட்டுங்க சார். இவ்ளோ பெரிய கப்பலு கட்டினீங்கல்ல?"

மறுநாள் பதிப்பகத்துப் பெண்மணியை அழைத்து, படியில் கையெழுத்திட முடியாது என்று தெரிவித்தேன். ஒரு வரிதானே, மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஒரு வரி அல்ல என்றேன்.

"ஐயா, இப்ப எடுத்தா கண்காட்சிக்கு வராது. அடுத்த வருஷப் பட்டியல் ஏற்கனவே நிறைஞ்சிருக்கு. நான் உறுதி சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்துவிட்டேன் என்று சொன்னபோது என் குரல் உறுதியாகவே இருந்தது. சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "எழுபத்துமூணு வயசுல அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு ஒருத்தர்கிட்ட சொல்றீங்க. தைரியந்தான்" என்றாள். பிறகு, "சாயங்கால நடை?" என்றாள். நான் படியை மேசையில் விரித்தேன். அவள் மறுமுறை கேட்கவில்லை. எங்கள் நாற்பத்தைந்து ஆண்டு இல்வாழ்க்கையில் நான் மீறிய வாக்குகளை ஒரு பட்டியலாக எழுதினால் அதற்கும் ஒரு நீண்ட நோட்டு வேண்டியிருக்கும்.

அறிவியல் கதையில் ஒரு பொருளை உள்ளே வைத்தால் மற்ற எல்லாம் நகர்ந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. சுத்தம் செய்ய ஓர் அறை என்றேன். அறைக்குக் காற்று வேண்டும். காற்றுக்காகத் தோட்டத்தைச் சுருக்கினேன். அதனால் கதாநாயகியின் தகப்பனார் தோட்டக்காரராக இருக்க முடியாமல் போயிற்று. அந்த அறையில் யார் நிற்பது என்பதற்குக் கலத்தின் சபை முறை வைத்தது. முறை வந்தவர்களில் சிலர் தங்களுக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பப் பார்த்தார்கள். நான் அப்படி எழுதத் திட்டமிடவில்லை. அவர்கள் அப்படித்தான் நடந்துகொண்டார்கள். அதைத் தடுக்க ஒரு சட்டம், சட்டத்தை எதிர்த்து ஒரு கூட்டம். பதினோரு அத்தியாயங்களை அவிழ்த்துக் கட்ட வேண்டியதாயிற்று. எழுதுகிறவர்கள் இதைப் படித்து உற்சாகம் கொள்ள வேண்டும் என்று நான் எண்ணவில்லை. என் கண்ணில் நீர் வடிகிறது, விரல் மூட்டுகள் வலிக்கின்றன, காலையில் எழுதியது மாலையில் பொய்யாகத் தெரிகிறது. புத்தகக் கண்காட்சி வந்தது, போயிற்று. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

போன மாதம் புதிய அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் கூடுவாஞ்சேரிக்குப் போனேன். பகல் நேரத்தில் அந்தத் திசையில் போகும் வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். எந்த இருக்கையில் அமர்வது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றேன்.

நண்பர் இளைத்திருந்தார். நாற்காலிகள் இப்போது உள்ளே, மின்விசிறிக்கு அடியில். ஒன்பது பக்கங்களையும் வாசித்தேன். முறை வந்த ஒருவர் கலத்தின் நடு அச்சுக்குப் போகிறார். அடைப்பு விழுந்த இயந்திரம் சங்கிலியில் ஓர் அறைக்குள் இழுக்கப்படுகிறது. கதவு மூடி, காற்று நிரம்பி, விளக்கு எரிந்த பிறகே அவர் உள்ளே நுழைகிறார். முழங்கை வரை உறை அணிந்து, ஒரு குழந்தையின் மரப்பொம்மையை வெளியே எடுக்கிறார். கழுவித் துடைத்துவிட்டுத் திரும்புகிறார்.

"சங்கிலி கரெக்டா கீது" என்றார். கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"வேலைய முடிச்சிட்டு அந்தாளு எங்க சார் போறாரு?"

"உணவுக்கூடத்துக்கு. எல்லாரும் உண்ணும் நேரம் அது."

"கூட்டமா இருக்குமே."

"இருக்கும்."

"போனா பக்கத்துல ஒக்கார வுடுவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அதையே அவரிடம் சொன்னேன். "பாருங்க சார்" என்று மட்டும் சொல்லி, மகளை அழைத்து, எனக்குக் குடிக்க ஏதாவது தரச் சொன்னார்.

திரும்பும்போது கூடுவாஞ்சேரி நிலையத்தில் வண்டிக்காக வெகுநேரம் காத்திருந்தேன். ஏறியதும் நோட்டை விரித்தேன். பதிப்பகத்திலிருந்து இன்றுவரை செய்தி இல்லை; இந்தப் பக்கங்களை எவரும் அச்சில் படிப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. ஆயினும் அந்த மனிதர் உணவுக்கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரை அங்கேயே நிறுத்திவைக்க முடியவில்லை. வண்டி வண்டலூரைக் கடக்கும்போது முதல் அத்தியாயத்தில் வெட்டிய வரிகளை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எழுதினேன். பெருங்களத்தூரில், அந்தக் கூடத்தின் எதிர் வரிசையில் அவருக்காக ஒரு நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டேன். நீலக் கட்டம் போட்டது. வண்டியின் ஆட்டத்தில் எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. தாம்பரம் வந்ததும் நோட்டை மூடி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினேன்.